திருப்பிச் சொல்லல்

போடோ, வட நார்வே. டிசம்பர்.
காலை எட்டு மணி என்கிறது கடிகாரம்,
ஜன்னல் ஒப்புக்கொள்ளவில்லை.

“மூன்று ஒன்று சைபருக்கு ஏறவும்” என்றாள் தோருன்.
“மூன்று மூன்று சைபர்” என்றது
சரக்கு விமானத்தின் கரகரப்பு.

தான் சொன்னதையே கேட்டாள்.
காது அப்படித்தான்,
வரவேண்டிய சொல்லுக்கு முன்கூட்டியே
நாற்காலி போட்டுவைத்திருக்கும்.
யார் வந்து உட்கார்ந்தாலும்
அவர்தான் இவர்.

“சரி.”

ஆயிரம் அடி இருக்கவேண்டிய இடத்தில்
முந்நூறு.
இரு விமானங்களிலும் ஒரே இயந்திரக் குரல்:
ஒன்றில் ஏறு, மற்றதில் இறங்கு.
பயணிகள் விமானத்தில், பதினாறாம் வரிசையில்,
தக்காளிச் சாற்றை மடியில் கொட்டிக்கொண்ட ஒருவர்
வானிலையைத் திட்டினார்.

மாலையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள்.
மூன்று. மூன்று. சைபர்.
பிள்ளைக்கு எண் சொல்லித்தருகிற நிதானம்.
கரகரப்பே இல்லை.

பிறகு அவள் குரல்,
அடுத்த வேலைக்குப் பாதி எழுந்துவிட்ட குரல்:
“சரி.”

வீட்டுக்குப் போகிற வழியில்
மீன்கடை எஸ்பன் பொட்டலத்தை நீட்டினான்.
“எண்பத்தேழு குரோனர்.”
“இன்னொரு தடவை சொல்.”
சொன்னான்.
பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு
“இன்னொரு தடவை” என்றாள்.