முதல் எழுத்து

ரெய்யோ, கெய்யோ.
ஒரே கருவில் இரண்டாய்ப் பிரிந்து
பதினோரு நிமிட இடைவெளியில் வந்தவர்களுக்கு
அப்பா வைத்த பெயர்கள்.
முதல் எழுத்து மட்டும் வேறு.
அதற்கு மேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை.
லியெக்சாவில் அன்று பனி இடுப்பளவு,
மாட்டுக் கொட்டகைக் கதவு திறக்கவில்லை.

நான் கெய்யோ, மூத்தவன். மரம் வெட்டினேன்.
முப்பத்தெட்டு வருடம்
சங்கிலி ரம்பத்தை அணைத்துத் தூங்காத குறை.
காது அதற்கே போனது.
வெண்ணெய், ரொட்டியைவிடத் தடிமனாக இருக்க வேண்டும் எனக்கு.
சிகரெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தம்பி கணக்கு வாத்தியார்.
பனிச்சறுக்கில் பள்ளிக்கூடம் போவான்.
நீலப் பெர்ரிகளை வாளி வாளியாய்ப் பறித்து உறையவைப்பான்.
மீன், குறுக்கெழுத்து,
ஐம்பது வயதில் இத்தாலிய மொழி.
எதற்கடா, என்றேன்.
மூளை துருப்பிடிக்காமல் இருக்க, என்றான்.

துருப்பிடித்தது அவனுடையது.

முதலில் சில்லறை.
கடைக்காரி எண்ணிக் கொடுத்த நாணயங்களை
வைத்துக்கொண்டே நின்றான்,
யாரோ கையில் கூழாங்கல் திணித்ததுபோல.
பிறகு ஏரிக்குப் போகும் வழி.
பிறகு, ஸிர்க்கா அடுப்படியில் அழுதுகொண்டிருந்த ஒரு மதியம்,
"இந்தம்மாவுக்கு யாராவது தண்ணீர் கொடுங்கள்" என்றான்
மிகவும் மரியாதையாக,
நாற்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு.

குவோபியோவில் அவனுக்கு ரத்தம் எடுத்தார்கள்.
டாக்டர் இளம்பெண். மேசையில் ஒரு தாள்.
ஒரு மரபணு, அதில் நான்காம் வகை,
அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று
என்று சொல்லிக்கொண்டே வந்தவள்
அவன் முகத்தைப் பார்த்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
நிறுத்திவிட்டாள்.

என் கையில் யாரும் ஊசி குத்தவில்லை.
நான் கேட்காத கேள்விக்கு
அவன் நரம்பிலிருந்து பதில் எடுத்துவிட்டார்கள்.

தீர்ப்பு இல்லை, என்றாள். சரிவான தரை.
உருளைக்கிழங்கு எந்தப் பக்கம் உருளும் என்று சொல்லலாம்,
உருண்டே தீரும் என்று சொல்ல முடியாது.
புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தனிமை, கேளாத காது
என்று அவள் வாசிக்க வாசிக்க
என் வாழ்க்கை வரலாறு போலவே இருந்தது.
சிரித்துவிட்டேன்.
ஸிர்க்கா சிரிக்கவில்லை.
"அப்படியானால் அந்தப் பெர்ரிகள்?"

டாக்டர் பேனாவை மூடினாள், திறந்தாள்.
அவை இல்லாவிட்டால் ஐந்து வருடம் முன்பே வந்திருக்கலாம்.
இருக்கலாம். தெரியாது.
அந்தத் 'தெரியாது'வுக்காக அவளை எனக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து விறகு பிளந்தேன்,
யார்மேல் கோபம் என்று தெரியாமல்,
இரண்டு குளிர்காலத்துக்கு ஆகும்வரை.

காதுக் கருவி வாங்கியது என் மூளைக்காக அல்ல.
அவன் குரல் தணிந்துவிட்டது.
"என்ன?" என்று நான் கேட்டால்
என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிவதில்லை.
போட்ட முதல் நாள் கேட்டவை:
குளிர்சாதனப் பெட்டி, என் செருப்பு,
பிர்ச் இலைகள்.
இத்தனை காலம் நான் வெட்டியவை
இவ்வளவு பேசுமா?

மார்ச்சில் ஏரி இன்னும் கெட்டி.
துளையிட்டு, ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்தோம்.
சிகரெட்டை எடுத்தேன், உள்ளே வைத்தேன்.
மறுபடி எடுத்தேன், பொய் சொல்வானேன்.
ஒரு பெர்ச் மாட்டியது.
கொக்கியைக் கழற்ற அவன் விரல்களுக்கு இன்னும் தெரிந்திருந்தது.

பிறகு என்னையே வெகுநேரம் பார்த்தான்,
சவரத்துக்கு முன் கண்ணாடி பார்ப்பதுபோல்
தன் தாடையைத் தடவிக்கொண்டு.
"ரெய்யோ," என்றான் என்னிடம்,
"கிழவனாகிவிட்டாய்."

ஒவ்வோர் ஒலியும் தெளிவாகக் கேட்டது,
முதல் எழுத்து உட்பட.

ஆமாம், என்றேன்.
தூண்டிலைப் பார், ஆடுகிறது.