செங்காவி, அல்லது பச்சை

தூண்டில் கோலுக்கு நூல் பார்க்க வந்தவன்
வாசலிலேயே பூட்ஸைத் தட்டிப் பனி உதிர்த்தான்.
ஆர்வோ கெட்டுனென். டுலூத் துறைமுகத்தில்
கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிறவன்.
"பச்சை வேண்டும்" என்றான்,
"கல்லில் ஒட்டின பாசிப் பச்சை. மினுக்கக் கூடாது.
ஒன்பதரை அடி. பதினோரு வளையம்."

தட்டை இழுத்து வைத்தேன்.
நைலான் ஒருபுறம், பட்டு ஒருபுறம்.
பட்டு வேண்டாமென்று நானே சொல்லிவிடுவேன்:
உலர்ந்திருக்கையில் ஒரு முகம்,
எபாக்சி குடித்ததும் வேறு முகம்;
வெள்ளைப் பட்டோ, இருந்த இடம் தெரியாது,
அடியிலிருக்கும் கோல்தான் தெரியும்.
நைலானும் யோக்கியமில்லை.
அதனால்தான் விரல் நுனியில் தண்ணீர் தொட்டு
நூலில் வைத்துக் காட்டுவேன்:
"நாளைக்கு இப்படி இருக்கும்."
கறுத்துப்போன அந்த ஒரு சொட்டு இடத்தைப் பார்த்து
மனம் மாறிப் போனவர்கள் அதிகம்.

ஆர்வோ தண்ணீர் கேட்கவில்லை.
கண்டுகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
கட்டைவிரலால் உருட்டி உருட்டி
ஒன்றை எடுத்து நீட்டினான்.
"இந்தப் பச்சை."

செங்காவி.
சுட்ட ஓட்டின் நிறம்.

இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன்;
வாடிக்கையாளர் சொன்னதற்குத் தலையாட்டத் தெரியும்.
"நல்ல பச்சை" என்றேன்.
பச்சைப் பொய்.

சிரித்துவிட்டான்.
"ரொம்ப யோசித்தாய், லோர்னா. பழுப்பா?"

பத்தொன்பது வயதில் ரயில் எஞ்சின் ஓட்டப் போனானாம்.
புள்ளி புள்ளியாய் ஓர் அட்டையைக் காட்டி
உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள்.
"புள்ளி" என்றானாம்.
சிக்னல் பக்கமே தலைவைக்காதே என்று
கப்பல் துறைக்குத் தள்ளிவிட்டார்கள்.
"அங்கே எல்லாமே துரு. எல்லாருக்கும் என் கண்தான்."

பேசிக்கொண்டே, அதே எண் ஒட்டிய
இன்னொரு கண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.
"இது வேற."
"ஒரே கம்பெனி, ஒரே எண்."
"கொஞ்சம் வெளுப்பு."
கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன்,
தண்ணீர் தொட்டுப் பார்த்தேன்.
இரட்டைப் பிள்ளைகள்.
அவன் வாதாடவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

இரவு, உடைந்த கோல் நுனி ஒன்றில்
இரண்டையும் அடுத்தடுத்துச் சுற்றினேன்,
நடுவே தலைமயிர் நுழையாதபடி.
எபாக்சி தடவி மோட்டாரில் மாட்டினேன்.
நிமிடத்துக்கு ஒன்பது சுற்று:
சொட்டாமல், தொய்யாமல்,
என் தூக்கத்தையும் சேர்த்துச் சுழற்றியது அது.

காலையில், ஏரி மேலிருந்து வந்த பனி வெளிச்சத்தில்
ஒரு பாதி டீ.
மறுபாதி, அரைக் கரண்டி பால் கூடின டீ.

முதலில் நினைவுக்கு வந்தது ஆர்வோ அல்ல.
போன மாதம் ஒரு பல் டாக்டருக்கு அனுப்பிய கோல்.
நான்காவது வளையம் வரை ஒரு கண்டு,
ஐந்திலிருந்து மற்றது.
பிரமாதம் என்று எழுதி
ஆப்பிள் ஜாம் வேறு அனுப்பியிருந்தாள்.
பாதி தீர்ந்த பாட்டில்
அலமாரியிலிருந்து என்னையே பார்த்தது.

ஆர்வோவைக் கூப்பிட்டேன். பின்னால் தாது கொட்டும் இரைச்சல்.
"நீ சொன்னது சரி. எது வேண்டும்?"
"இருட்டானது."
"அது பழுப்பு, ஆர்வோ."
"அது உன் பாடு" என்றான்,
"கோல் என் கையில்தானே இருக்கப்போகிறது?"

பேரேட்டில் நிறம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எண்ணை எழுதினேன். பக்கத்தில், 'அடர்ந்தது'.

பல் டாக்டருக்கு இன்னும் எழுதவில்லை.

பதினோரு வளையம். இழுவை ஒரே சீராக இருக்கவேண்டும்:
இறுகினால் கோல் நெரியும்,
தளர்ந்தால் வளையம் நகரும்.
எட்டாவதில், முடியப்போகும் நேரத்தில்,
ஓர் இழை இன்னொன்றின் மேல் ஏறியது.
எபாக்சிக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்.

அவிழ்த்தேன்.