வாயுள்ள பிள்ளை

இருபத்து மூன்று வயதில்
ஜாலான் ராஜா சூலானில் ஒரு பதினேழாவது மாடியில்
மூன்று பேர் என்னை நேர்முகம் கண்டார்கள்.
கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடம் அது.
உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம்:
"குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"
நடுவில் இருந்தவரே எழுந்துபோய்க் கொண்டுவந்தார்.
நன்றி சொன்னேன்.
அவசரமில்லாமல் குடித்தேன்.

இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான்
போன வாரம் வரை இருந்தேன்.

புக்கிட் துங்குவில் எங்கள் சாப்பாட்டு மேசை
எட்டுப் பேர் அமரக்கூடியது.
நாங்கள் நான்கு பேர்.
எனக்குப் பத்து வயதானபோது ஓர் இரவு அப்பா கேட்டார்:
"ஈய விலை இப்படி விழுந்துவிட்டதே, நீ என்ன நினைக்கிறாய்?"
மீனில் முள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஆனாலும் ஏதோ சொன்னேன்.
கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு
எல்லாரும் கேட்டார்கள்.
மிச்சமிருந்த நான்கு நாற்காலிகளில் ஒன்றில்
அன்றைக்கு என் குரல் ஏறி உட்கார்ந்தது.
பிறகு இறங்கவே இல்லை.

லண்டனில் கணக்காய்வுத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன்.
"அங்கே குளிருமே, நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள்" என்றார் அப்பா.
மூன்றாவது முறைக்கும் பணம் கட்டினார்.
தோல்வி என்றால் எனக்கு
சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு.
இன்னும் அலமாரியில் தொங்குகிறது.

அலுவலகத்தை துன் ரசாக் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றும்போது
பழைய கோப்புகளை ஸ்கேன் செய்தார்கள்.
என்னுடையதை ஒரு பையன்
வேடிக்கைக்காக என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
மஞ்சளேறிய மதிப்பீட்டுப் படிவம்.
"நிதானமானவர். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.
இயல்பிலேயே தலைமைப் பண்பு உள்ளவர்."
அதன் கீழே, வேறு மையில்:
"டாக்டர் ராசநாயகத்தின் மகன்."

சிரித்தேன்.
மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
அவளும் சிரித்த முகம் ஒன்று அனுப்பினாள்.

இன்று காலை நான்தான் நடுவில்.
தேவஷினி த/பெ சன்னாசி.
செரண்டாவிலிருந்து முதல் கம்முட்டர் ரயிலில் வந்தவள்,
ஒன்பதரை மணி நேர்முகத்துக்கு ஏழரைக்கே
கீழே வந்து நின்றாளாம், காவலர் சொன்னார்.
நாற்காலியின் முன்பக்கம் நான்கு அங்குலத்தில் மட்டும் உட்கார்ந்தாள்.
மதிப்பெண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
என்னுடையதைப் பக்கத்தில் வைத்தால்
எனக்குத்தான் வெட்கம்.

மூன்றாவது கேள்வியில் அவள் குரல் காய்ந்து உடைந்தது.
அவளுக்கு முன்னாலேயே இருந்தது கண்ணாடிக் குவளை,
மூடிபோட்டு, விளிம்புவரை நிரம்பி.
இரண்டு முறை அதைப் பார்த்தாள்.
பிறகு எச்சில் விழுங்கிக்கொண்டு,
"மன்னிக்கணும் சார்" என்று
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எடுத்துக் குடி அம்மா என்று நான் சொல்லியிருக்கலாம்.
தண்ணீரைக் குடிக்க
யாராவது சொல்லவேண்டும் என்பது
எனக்குத் தெரியாது.
தன்னம்பிக்கை என்ற கட்டத்தில்
இரண்டு என்று எழுதினேன்.
ஐந்துக்கு இரண்டு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றும் சொல்வார்கள்.
அழுதவுடன் யாராவது ஓடிவந்த வீட்டில்தான்
பிள்ளைகள் அழுது பழகுகின்றன.
வாய் எல்லாருக்கும் இருக்கிறது.

அவள் போன பிறகுதான் குவளையைப் பார்த்தேன்.
வெளியே வியர்த்து
மேசையில் வட்டமாகத் தடம் பதித்திருந்தது.
இரண்டை அடித்து மூன்று போட்டேன்.
நான்கு போட்டிருக்கலாம்.
ஏன் போடவில்லை என்று
இப்போதும் சரியாகத் தெரியவில்லை.
அதற்குள் மெய் ஃபோங் வந்து
படிவங்களை அள்ளிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பாள்.
எதையும் யாரிடமும் கேட்டு வாங்கி வளர்ந்தவன் நான்.

கதவு மூடும் வரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.