முதல் பாதையில் இருட்டு

தார்த்து நகரில் பிப்ரவரி என்றால்
நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஜெல்லை ஊற்றிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள் பிரெத்:
"இன்னைக்கு யாரு?"

யாரும் இல்லை. ஒரு மெழுகுக் கட்டை.
அதற்குள் சுண்டுவிரல் நகமளவு மூளை.
எண்டெல் லெபசார், ஐம்பத்தெட்டு.
இடது கைக்காரர் என்பதை
யாரோ இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்கள்.

மருந்தின் வேலை எனக்குத் தெரியும்.
வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரை
ரத்தத்தில் கரைந்து மண்டைக்குள் ஏறி
குவானின் எழுத்தொன்றின் தோளில்
ஒரு மெத்திலைத் தூக்கி வைக்கும்.
ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான்.
செல் அதைத் தப்பாக வாசித்து வாசித்தே
தன்னைக் கிழித்துக்கொள்ளும்.

அதற்குமுன் அவன் வந்துவிட்டால்?

நொதி என்கிறது பாடப்புத்தகம்.
எனக்கு அவன் அவன்தான்.
இழை நெடுக விரலோட்டிக்கொண்டே போவான்,
இடறும் இடத்தில் நிற்பான்,
எழுத்தை வெளியே புரட்டிச்
சுமையைத் தன் கந்தகக் கையில் வாங்கிக்கொள்வான்.
இறக்கி வைக்க இன்னொரு கை கிடையாது.
ஒரு பழுதுக்கு ஓர் ஆள்.
அதோடு செல் அவனைக் குப்பையில் போட்டுவிடும்.

இவ்வளவு நல்லவனை
இல்லாமல் போ என்று
வாரம் நாலு முறை வேண்டுகிறேன்.
கட்டியில் மட்டும் இல்லாமல் போ.
எலும்பு மஜ்ஜையில் இரு,
அந்த மனிதருக்கு நீ அங்கே வேண்டும்.

அவனைப் பெறும் மரபணுவின் வாசலில்
பூட்டு தொங்குகிறதா என்பதுதான் சோதனை.
அந்தப் பூட்டும் மெத்தில்தான், வேடிக்கை.
தொங்கினால் முதல் பாதையில் பட்டை ஒளிரும்.

புற ஊதாவில் பார்த்தோம்.
முதல் பாதையில் இருட்டு.
இரண்டாவதில் பளிச்.
"ஜெல் சரியில்லையோ" என்றாள் பிரெத்.
பக்கத்திலேயே ஒப்பீட்டு மாதிரி
என்மேல் பழி போடாதே என்று ஒளிர்ந்தது.

மறுநாள் யாரும் கேட்காமலே
திரும்ப ஓட்டினேன்.
அதே இருட்டு.

அறிக்கையின் கட்டத்தில் இரண்டு சொல்தான் பிடிக்கும்:
மெத்திலேற்றம் காணப்படவில்லை.

அனுப்புவதற்குமுன்
பேனாவை இடது கைக்கு மாற்றி
ஓட்டுத்தாளில் அவர் பெயரை எழுதிப் பார்த்தேன்.
கடைசி எழுத்து கோணிக்கொண்டு
தாளைவிட்டு மேசையில் இறங்கியது.
அழிக்க ஸ்பிரிட் இருந்தது, பஞ்சும் இருந்தது.
அப்படியே விட்டேன்.