சேவை எல்லைக்கு வெளியே

வண்டி என்னுடையதல்ல.
வாரம் ஆயிரத்து நானூறு வாடகை.
பேட்டரி அவர்களுடையது,
கீறல் விழுந்தால் அது என்னுடையது.

நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிறேன்,
தோட்டப்பாளையத்தை அதிகம் தாண்டாமல்.
காந்தி ரோட்டு லாட்ஜ்களில்
மூன்றாம் மாடி, நான்காம் மாடி,
எக்ஸ்ரே உறைகளோடு ரயிலேறி வந்தவர்களுக்குக்
கஞ்சி, தயிர்சாதம், உப்பில்லாத ஏதோ ஒன்று.
கதவு ஒரு சாண் திறக்கும்.
ஒரு கை வரும்.
முகங்களை அறியேன்,
ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரிகளை அறிவேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
லீவு என்று எங்களுக்கு ஒன்றுமில்லை,
ஆஃப்லைன் என்று ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
பேட்டரி தொண்ணூற்றாறு.
முதுகில் காலிப் பை,
உள்ளே நேற்றைய சாம்பாரின் வாசனை.

கணியம்பாடியில் திரும்பியதும் நிலக்கடலை,
கொஞ்ச தூரம் வாழை,
பிறகு மலை:
இரவு மழையில் நனைந்து எழாமலே கிடக்கும்
எருமை முதுகு.

சத்தமில்லாத வண்டியில் ஒரு லாபம்.
நடுச்சாலையில் நின்ற மயில்
என்னைப் பார்த்தது, யோசித்தது,
பறக்காமல் ஒதுங்கிக்கொண்டது.
ஓடை பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது.
என் மூச்சும் கேட்டது.
இருபத்தாறு வருடமாக
அது இப்படித்தான் ஓடுகிறதா?

அமிர்தி தாண்டும்போது செல்போன் நடுங்கியது.
'அன்பான பங்குதாரர் தணிகைவேல்,
நீங்கள் சேவை எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்.'
பங்குதாரராம்.
காட்டில் தனியாகச் சிரித்தவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
மறுபடி நடுங்கியது: 'உடனே திரும்பவும்.'
மூன்றாவது வளைவில் மோட்டார் நின்றது.
பேட்டரியில் ஐம்பத்தெட்டு இருந்தது.
நிறைந்த தொட்டிக்குப் பக்கத்தில் நான் நிற்க
பெங்களூரில் யாரோ குழாயை மூடிவிட்டார்கள்.

கீழே உருட்டியிருந்தால் கால்மணி நேரம்.
மேலே ஏன் தள்ளினேன் என்று சொல்லத் தெரியவில்லை.
வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு இருந்தது,
அவ்வளவுதான்.

சாமை மூட்டைமேல் உட்கார்ந்து
பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் கேட்டாள்:
'இன்னா வண்டி இது, கிக்கரே காணோம்?'
'கரண்டு வண்டி.'
'கரண்டு பூட்ச்சா?'
'கரண்டு கீது. உத்தரவுதான் இல்ல.'
அவளுக்கு அது புரிந்த மாதிரி இருந்தது.
இறங்கி வந்து பின்னால் கைவைத்தாள்,
ஒரே ஒரு வளைவு.
'பஸ்ஸு வந்துடும்' என்று திரும்பி ஓடினாள்.
பெயர் கேட்க மூச்சு மிச்சமில்லை எனக்கு.

மேட்டில் சிக்னல் செத்துப்போனது.
வரைபடத்தில் நீலப் புள்ளி இல்லை.
வெடித்த சீதாப்பழம் ஒன்று தரையில் கிடந்தது,
எறும்புகள் போக மீதியைத் தின்றேன்.
அந்தத் திக்கில் வேலூர் இருக்கவேண்டும்.
புகையோ மேகமோ, பழுப்பாக ஏதோ தெரிந்தது.
நான் எங்கிருக்கிறேன் என்று
அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.
தெரியாதது
எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

இறக்கத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம்.
ஏறும்போது நான் சபித்த எடையே
இப்போது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது.
காலிப் பைக்குள் காற்று நிறைந்து
முதுகில் தட்டிக்கொண்டே வந்தது.
பிரேக் மட்டும் என் கையில்.
அதையும் பாதி மறந்திருந்தேன்.

அமிர்தியில் பதினொரு செய்திகள்.
அபராதம் முந்நூறு.
கணியம்பாடிக்கு வண்டி உயிர்த்தது,
ஒன்றும் நடக்காததுபோல விளக்கைக் காட்டியது.
பாகாயம் வருவதற்குள் ஆன்லைன் பொத்தானைத்
தேடிப்போயிருந்தது என் கட்டைவிரல்.
முந்நூறை எடுக்க வேண்டுமே.

இரவு ஒன்பதரை. நான்காம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
கெண்டைக்கால் இரண்டும் வலிக்கின்றன,
ஒவ்வொரு திருப்பமும் ஒரு வளைவு.
கஞ்சி தளும்பாமல் ஏறுகிறேன்.
சாமை மூட்டை இருந்த இடம் வருகையில்
கதவு ஒரு சாண் திறக்கிறது.