பரிசீலனையில் உள்ளது

வினிபெக்கில் இது மூன்றாவது பனி,
விண்ணப்பம் போட்ட பிறகு.
விடியற்காலை ஐந்தரைக்கு
உறையாமலிருக்க வண்டிக்குச் செருகிய மின்கயிற்றைப்
பிடுங்கும் முன்
கைப்பேசியைத் திறந்து பார்க்கிறேன்.
பரிசீலனையில் உள்ளது.
நேற்றும் அதுதான்,
அதற்கு முந்தைய எண்ணூற்றுச் சொச்சம் நேற்றுகளிலும்.

மாக்வலா பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.
கொதிக்கிற பாலைத்தான் பக்கத்தில் நின்று பார்க்கணும்,
உறை ஊற்றிய பாலை அல்ல
என்கிறாள்.
அவளுடையதும் என்னோடு ஒன்றாய்ப் போன காகிதம்தான்.

கூப்பிட்டால் முதலில் பியானோ.
ஒரு குளியலறைச் சுவர் முழுக்க
நான் ஓடு ஒட்டி முடிக்கும்வரை
தரையில் கிடந்த கைப்பேசியிலிருந்து அதே பியானோ.
நல்லா இருக்கே, யாருடையது?
வீட்டுக்காரி ஃப்ரீசன் கேட்டார்.
அரசாங்கத்தினுடையது என்றேன்.
மேல்வரிசை ஒட்டும்போது ஒரு மனிதக்குரல் வந்து
கோப்பு எண்ணைக் கேட்டது.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
சொன்னேன்.
பரிசீலனையில் உள்ளது என்றது குரல்.

எனக்குப் பின்னால் நான்கு மாதம் கழித்துப் போட்டவள்
கீழ்வீட்டு மாரிவிக்.
அவளுக்கு வந்துவிட்டது.
மடிக்கணினி முன் வலதுகை தூக்கி உறுதிமொழி சொன்னாள்.
பழைய அட்டையைத் திரைமுன் வெட்டச் சொன்னார்கள்,
அவளிடம் கத்தரி இல்லை.
மாடியேறி ஓடி
ஓட்டுவலை வெட்டும் என் கத்தரியைக் கொண்டுவந்தேன்.
ஒரே வெட்டு.
அழுதாள், எனக்குக் கேக் தந்தாள்.
கத்தரியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது
பொறாமையா என்று என்னையே கேட்டேன்.
ஆமாம்.
கேக் நன்றாக இருந்தது.

நாட்களை எண்ணித்தான் தருகிறார்கள் இந்த நாட்டை.
குத்தாயிசியில் என் அண்ணன் குர்ராமைப் புதைக்கப் போன
பதினொரு நாளைக் கழித்துக்கொண்டார்கள்.
நியாயம்தானே,
அந்தப் பதினொரு நாள் நான் இங்கே இல்லை.
அங்கேயும் இருந்தேனா, தெரியவில்லை.
அவன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை,
கடிதம் வருகிற நாளில் இல்லாமல் போய்விட்டால்?
கடிதம் வரவில்லை.
கல்யாணம் நடந்தது.
அவள் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

பிறகு ஒரு கடிதம் வந்தது,
கைரேகை கேட்டு.

கண்ணாடிமேல் பத்து விரலையும் அழுத்தினேன்.
இயந்திரம் படிக்கவில்லை.
ஷெல்பி என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
ஈரத்துணியால் துடைத்தாள், களிம்பு தடவினாள்,
குழந்தைக்கு அ எழுதப் பழக்குவதுபோல்
என் விரலைப் பிடித்து உருட்டினாள்.
ஒன்றுமில்லை.
என்ன வேலை செய்கிறீர்கள்?
தரைக்கு ஓடு ஒட்டுகிறேன்.
ஓ, என்றாள். சிமெண்ட்.

ஒன்பது வருடம்.
இருநூறு குளியலறை, இரண்டு பள்ளித் தாழ்வாரம்,
பனிச்சறுக்கு மைதானத்தில் பையன்கள் உடைமாற்றும் அறை.
ரேகையெல்லாம் அங்கேதான் கிடக்கிறது அம்மா,
வேண்டுமானால் குனிந்து எடுத்துக்கொள்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
நன்றி என்றேன்.

மூன்று வாரம் சிமெண்டைத் தொடாமல் இருந்தால்
தோல் வளருமாம்.
வாடகை அதற்காக நிற்குமா?
மாக்வலா கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
நான் வீட்டில் கையுறைக்குள் கிளிசரின் ஊற்றி
பணக்காரன்போல் உட்கார்ந்திருக்கிறேன்.

தெக்லேக்கு எட்டு வயது.
இங்கே பிறந்தவள்,
முதல் அழுகையிலேயே எல்லாப் படிவமும் முடித்தவள்.
பள்ளியிலிருந்து வந்ததும் கையுறையைக் கழற்றி
பூதக்கண்ணாடியை என் கட்டைவிரல்மேல் வைக்கிறாள்.
நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு பார்க்கிறாள்,
வெகுநேரம்.
ஒரு கோடு வந்திருக்குப்பா.
எங்கே?
இதோ. இல்லை, அது காயம்.
இரு, அசையாதே.