ஜூன் ஒன்று

மேல்விஷாரத்தில் எங்கள் மாடிக்குப் பின்புறம்
தோல்ஷாப்பின் மர டிரம் ராத்திரியெல்லாம் சுற்றும்.
ஒரு சுற்றுக்கு ஏழரை விநாடி.
உள்ளே நீலத் தண்ணீரில் நனைந்த தோல்கள்
மேலேறி, பிடி நழுவி,
தொப்பென்று விழும்.
கல்யாணமாகி வந்த முதல் வாரம் தூக்கமில்லை.
இப்போது அந்தத் தொப் நின்றால்தான் விழிப்பு.

என் மடிக்கணினியில் இன்னொன்று சுற்றுகிறது,
ஏழு விநாடிக்கு ஒருதரம்.
வேலூர்க் கோட்டையில் பஸ் ஏறி
ஆற்காட்டுப் பாலத்தில் இறங்கும் தூரம்தான்
அதன் குறுக்களவு.
எடை மட்டும் சூரியனை மிஞ்சும்.
பிறந்த கணத்தில் விநாடிக்கு நூறு சுற்றாவது
சுற்றியிருக்கும் என்பார்கள்.
யாரும் பிரேக் போடவில்லை.
தன் காந்தத்தைத் தானே இழுத்துக்கொண்டு சுழல்வதில்
வேகம் கரைந்து வெளியே போய்விட்டது.
இன்னும் போகிறது:
வருஷத்துக்கு
விநாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு.

இதற்கு வயது சொல்ல ஒரு வகுத்தல் இருக்கிறது.
சுற்றும் நேரத்தை,
மந்தமாகும் விகிதத்தின் இரு மடங்கால் வகு.
பதினோராயிரம் ஆண்டு வருகிறது.
அது பிறந்தபோது வெடித்த வெடிப்பின் புகை
இன்னும் அதைச் சுற்றிப் பரவுகிறது;
புகைக்கு நாலாயிரம்கூட ஆகவில்லை.

டிரம் ஓட்டும் கன்னியப்பன்
நேற்று என் வீட்டுக்காரரிடம் பென்ஷன் ஃபாரம் கொண்டுவந்தார்.
பிறந்த தேதி: ஜூன் ஒன்று.
"ஹெட்மாஸ்டர் போட்டதுங்க.
எங்க தெருப் பசங்க அத்தனை பேருக்கும் ஜூன் ஒண்ணுதான்."
கணக்குப்படி ஐம்பத்திரண்டு.
முட்டி அறுபது என்கிறதாம்.
நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன்,
அப்புறம் உள்ளே வந்து
பதினோராயிரத்துக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

காந்தம் எல்லா நாளும் ஒரே மாதிரிப் பிடித்திருந்தால்தான்
அந்த வகுத்தல் சரி.
மார்ச் பன்னிரண்டு வரை கோடு ஒழுங்காகப் போகிறது.
இருபத்தாறாம் தேதி செயற்கைக்கோள் மறுபடி பார்த்தபோது
மீன் பிந்தியிருந்தது.
மெல்ல மெல்ல அல்ல, ஒரே வெட்டாக.
சாதாரணமாக இவை திடீரென்று முன்னால்தான் துள்ளும்.
இது பின்னால் துள்ளியிருக்கிறது.
மேலோடு விரிந்ததா, காந்தம் முறுக்கிக்கொண்டதா,
எதையாவது உதறியதா?
நடுவில் பதினாலு நாள். யாரும் பார்க்கவில்லை.
புனேயிலிருந்து உல்கா கேட்கிறாள்:
"உன் கணக்கில் தப்பிருக்குமோ?"
மூன்றுதரம் போட்டுவிட்டேன், உல்கா.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
விசிறி நின்றது. பேட்டரியில் திரை மட்டும்.
நான் எண்ணினேன்:
ஒன்பது விநாடி.
அடுத்த சுற்று முடியவில்லை.
பாதி ஏறிய டிரம் தோல்களின் கனத்தில்
பின்பக்கம் ஆடி,
முன்பக்கம் கொஞ்சம் ஆடி,
அடங்கிவிட்டது.
பாலாற்றுப் பக்கம் ஒரு நாய்.
நாற்றம்கூட நின்றுபோனது போலிருந்தது.

கன்னியப்பன் இருட்டில் யாரையோ திட்டுவது கேட்டது.
ஜெனரேட்டர் இருமியது, பிடித்தது.
டிரம் கிளம்பியது.
முதல் சுற்று ரொம்ப நேரம் எடுத்தது;
எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டேன்.

அடுத்த பார்வை பத்தொன்பதாம் தேதி.
அதுவரை அது என்ன செய்தாலும்
அதன் இஷ்டம்.